பத்திரமாக இருக்கிறது

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பி மனைவியும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

‘சுகம்’ என்று எழுதியது இன்றைய நிலவரம். பத்து நாளைக்கு முன் அப்படி இல்லை. பயப்படாமல் படியுங்கள். நானே உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதிலிருந்தே முடிவு நல்ல முடிவு என்று தெரிந்திருக்கும்.

கடையில் ஒரு வக்கீல் வீட்டுச் சோபாவுக்கு ரெக்சினை இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் வயிற்றின் வலது பக்கத்தில் யாரோ உள்ளே இருந்து ஆணி அடிப்பதுபோல் வலி. அந்தச் சோபாவிலேயே படுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வக்கீல் வந்தார். “தைக்கச் சொன்னா அதுல தூங்குறீங்களே!” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பித்தப்பையில் கல்லாம். பையோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஜனவரி 28 அன்று வீட்டுக்கு வந்தேன்.

கல்லை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். ஷோகேஸில் வைத்திருக்கிறோம். என்னைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். “இவ்வளவு பெருசா!” என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, பிறகு போனால் போகிறது என்று என்னையும் ஒரு பார்வை பார்க்கிறார்கள்.

டாக்டர் நிறைய நடக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டேன். வாசலில் நின்றால் ஏறத் தோன்றும் அல்லவா?

பணத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் நினைக்க வேண்டாம். முழங்காலைப் பற்றி இரண்டு வரியாவது எழுதுங்கள்.

தங்கள் தம்பி


பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் தன் இஷ்டப்படி இருக்கிறது. மற்ற பாகங்கள் என் சொல் கேட்கின்றன. தையல் போட்ட இடம் ஆறியதா? நம் வீட்டில் ஊருக்கெல்லாம் தையல் போடுகிறவன் நீ. உனக்கே போட்டுவிட்டார்களே!

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுகையோடு, இரண்டாம் முறை கோபத்தோடு, மூன்றாம் முறை விளக்குக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. இப்போதெல்லாம் பல்பு செய்கிறவர்கள் ஏமாற்றுகிறார்கள். நாற்பது வாட் என்று அச்சடித்திருக்கிறார்கள், இருபதின் வெளிச்சம்கூட வருவதில்லை. கடைக்காரரிடம் சண்டை போட்டேன்.

ஒரு வக்கீலுக்குத் தெரிந்தது உன் அக்காவுக்குத் தெரியவில்லை. போனில் நீ ‘ம்’, ‘சரி’, ‘வைக்கட்டுமா’ என்று மூன்றே சொல் பேசுகிறாய் என்பதால்தான் கடிதம் எழுது என்றேன். கடிதத்தில் பக்கத்தை நிரப்ப வேண்டும், பொய் சொல்வதற்கும் கொஞ்சம் உழைக்க வேண்டும். அதற்காக ஆபத்து வந்தாலும் போன் செய்யாதே என்றா சொன்னேன்?

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். “வீட்டுப்பாடம் எங்கேடா?” என்றால், “இன்னிக்கு நல்ல வெயில் டீச்சர்” என்பான். ‘பணத்தைப் பற்றி நினைக்க வேண்டாம்’ என்கிற உன் வரி அந்த வெயிலைப் போல இருக்கிறது. ஆகவே நேராகவே கேட்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஏஜென்ட் உன்னை மருத்துவ இன்சூரன்ஸில் சேர்த்துவிட்டாரே, வாக்கியத்துக்கு வாக்கியம் “கவலைப்படாதீங்க” என்று முடிப்பாரே, அவர்தான். அந்த இன்சூரன்ஸ் இருக்கிறதா, விட்டுவிட்டாயா?

பதில் வரும் வரை தூங்க மாட்டேன். தூங்கினாலும் நன்றாகத் தூங்க மாட்டேன்.

உன் அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. தையல் ஆறிவிட்டது. நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் நான் போட்டிருந்தால் தையல் வெளியே தெரிந்திருக்காது. நீங்கள் சரியாகத் தூங்க வேண்டும், உங்கள் வயதில் அது முக்கியம்.

இங்கே நல்ல வெயில்.

வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டு வருகிறோம். டிவி கண்ணுக்குக் கெடுதல் என்று டாக்டர் சொன்னதால் அதைக் கொடுத்துவிட்டோம். மாலை நேரத்தில் நாங்கள் இருவரும் இப்போது பேசிக்கொள்கிறோம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இவளுக்கு இத்தனை விஷயம் பேசத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. என்னைப் பற்றித்தான் பெரும்பாலும்.

ஃப்ரிட்ஜையும் கொடுத்துவிட்டோம். அன்றைக்குச் சமைத்ததை அன்றைக்கே சாப்பிட வேண்டுமாம். கடைக்கு நடந்தே போய் நடந்தே வருகிறேன். உடம்பு லேசாக இருக்கிறது. வீடும்தான்.

குளிரில் முழங்காலைக் காட்டாதீர்கள்.

தங்கள் தம்பி


மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்காவும் முழங்காலும் நலம். உங்கள் இருவர் நலமும் முழுதாக அறிய ஆவல். கால்வாசிதான் அறிய முடிகிறது.

உன் டாக்டர் வயிற்று டாக்டரா, வீட்டுச் சாமான் டாக்டரா? ஒரு கல்லை எடுத்தவர், வரிசையாக ஸ்கூட்டரை எடுத்தார், டிவியை எடுத்தார், ஃப்ரிட்ஜை எடுத்தார். இன்னும் இரண்டு முறை அவரிடம் போய்வந்தால் கதவு ஜன்னல் மிஞ்சாது. 

கேள்வி ஒன்றுதான். மதிப்பெண்ணும் ஒன்றுதான். இன்சூரன்ஸ் இருக்கிறது / இல்லை. சரியான விடையை அடிக்கோடிடுக.

இன்னொன்று, உன் கையெழுத்து நாளுக்கு நாள் பொடியாகிக்கொண்டே போகிறது. தாளை மிச்சம் பிடிக்கிறாயா? பெரிதாக எழுது.

உன் அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டதாக உங்கள் தம்பி மனைவி சொல்லச் சொன்னாள். கையெழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன்.

விடை: இருக்கிறது. அடிக்கோடு இரண்டாகவே போட்டிருக்கிறேன். ஒரு வருடம்கூடத் தவறாமல் பணம் கட்டி வருகிறேன். அந்த இன்சூரன்ஸுக்கு ஒரு குறையும் இல்லை, பத்திரமாக இருக்கிறது. அதனால் நீங்கள் நன்றாகவே தூங்கலாம்.

சோபாவைக் கொடுத்துவிட்டோம். டாக்டர் தரையில் உட்காரச் சொல்கிறார்.

உங்களுக்கு அந்தச் சோபா நினைவிருக்கும். ஒன்பது வருடத்துக்கு முன் நமக்கென்று தைத்தது, கரும்பச்சைத் துணி. அழுக்காகிவிடும் என்று பிளாஸ்டிக் உறை போட்டோமே. வருகிறவர்கள் உட்கார்ந்தால் உறை சரக் சரக் என்று சத்தம் போடும், அவர்களே கூச்சப்பட்டு ஸ்டூலுக்கு மாறிவிடுவார்கள். நாங்களும் அதில் உட்கார்ந்ததில்லை.

வாங்க வந்தவர்கள் ஒரு பையனும் பெண்ணும், புதுக் குடித்தனம். சோபாவைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு வண்டிக்குக் காத்திருந்தோம். அந்தப் பெண் உறையைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்துவிட்டாள். “ஐயோ, அழுக்காயிடும்மா!” என்று கத்திவிட்டேன். “அழுக்கானா துவைச்சுக்கலாம் அங்கிள்” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். ஒரு குதி குதித்துப் பார்த்தாள். பையனும் உட்கார்ந்தான். “நீங்களும் வாங்க அங்கிள், எவ்வளவு நேரம் நிப்பீங்க?” என்றார்கள். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உங்கள் தம்பி மனைவியும் வந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுத்தெருவில் சோபாவில் நான்கு பேர். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நல்ல சோபா அக்கா. நான் தைத்ததிலேயே நல்லது அதுதான். உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

தங்கள் தம்பி


மார்ச் 23

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்தோடு எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. அவர் நடக்கப் போயிருக்கிறார். டாக்டர் நடக்கச் சொன்னது மட்டும் நிஜம், மற்றதெல்லாம் டாக்டர் சொல்லாதது.

ஆஸ்பத்திரிப் பணத்தைக் கடைச் சொந்தக்காரரிடம் வட்டிக்கு வாங்கினோம். அதை அடைக்கத்தான் ஒவ்வொன்றாகப் போகிறது. என் கம்மலும் போயிற்று. இப்போது வீட்டில் இருக்கிற ஒரே கல் அந்தக் குப்பியில் இருப்பதுதான். மீதிக் கடனை ஏப்ரல் முடிவதற்குள் கேட்கிறார். அதனால் கடையில் இருக்கும் பெரிய தையல் மிஷினைப் பள்ளிக்கூடப் பை தைக்கிற ஒருவருக்குக் கொடுக்கப் பேசி, முன்பணமும் வாங்கிவிட்டார். ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம். ரெக்சினும் தடித்த துணியும் அந்த மிஷினில்தான் ஓடும். அது போனால் இவர் எதை வைத்துப் பிழைப்பார்? கேட்டால், “கையாலயே தைப்பேன்” என்கிறார். ஒரு சோபாவைக் கையால் தைத்து முடிப்பதற்குள் சோபாக்காரரின் பேரப்பிள்ளைதான் வந்து வாங்கிப் போக வேண்டும். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

நல்லவேளையாக இன்சூரன்ஸை நாங்கள் தொடவே இல்லை. அந்த அட்டையை அலமாரியில் கல்யாணத் துணிகளுக்கு அடியில், பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள். இவர் வலியில் பாதி மடிந்து நின்றுகொண்டிருந்தார்.

“இன்சூரன்ஸ் இருக்கா சார்?”

“இருக்கும்மா.”

“கார்டு குடுங்க.”

“அது வீட்ல பத்திரமா இருக்கு.”

“யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

“எதுக்கும்மா? ஒரு சின்னக் கல்லுக்கா? பெருசா ஏதாவது வந்தா அப்பப் பாத்துக்கலாம்.”

அந்தப் பெண் இவரை மேலும் கீழும் பார்த்தாள். பெரிய பணக்காரர் என்று நினைத்துவிட்டாளோ என்னவோ, தோட்டம் தெரிகிற தனி அறையாகப் போட்டுவிட்டாள்.

இருப்பது ஒரே இன்சூரன்ஸ். கல்லுக்கெல்லாம் செலவழித்துவிட்டால், நாளைக்கு இருதயத்துக்கு ஒன்று என்றால் எங்கே போவது? அந்த விஷயத்தில் அவர் செய்தது சரிதான். மிஷினை மட்டும் தடுத்துவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள,
தம்பி மனைவி


மார்ச் 29

தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்,

நலம் விசாரிப்பதை இந்த ஒரு முறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன். நீ உன் மனைவியைக் கோபித்துக்கொள்ளாதே. எனக்கு எழுதியது நல்ல காரியம். அவள் எழுதியதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன், பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அம்மாவின் நீலக் குடை நினைவிருக்கிறதா? அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்தது. ஒரு நாள் கடைத்தெருவில் பெருமழை பிடித்துக்கொண்டது. அம்மா என்ன செய்தாள்? குடை நனைந்துவிடும் என்று அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து வந்தாள். நமக்கு அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. கடைசியில் குடை என்ன ஆயிற்று? பிரிக்காமலேயே மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிற்று. அம்மாவுக்குத்தான் இருபது நாள் காய்ச்சல்.

இன்சூரன்ஸ் என்பது டப்பாவில் இருக்கிற பிஸ்கட் அல்ல, ஒன்று தின்றால் ஒன்று குறைவதற்கு. அது பஸ் பாஸ். இந்த வருடத்துக்குக் கட்டினால் இந்த வருடம் ஏறலாம். அடுத்த வருடத்துக்குக் கட்டும்போது மறுபடி புதிதாக முழுத் தொகையும் வரும். சட்டைப் பையில் பாஸை வைத்துக்கொண்டு, ‘தேய்ந்துவிடும்’ என்று எட்டு வருடம் நடந்தே வேலைக்குப் போகிறவனைப் பார்த்தால் நீ என்ன சொல்வாய்? அவன் மிச்சம் பிடித்தது செருப்பைக்கூட அல்ல.

அதென்ன, பெரிதாக ஏதாவது வரட்டும் என்பது? வராவிட்டால் ஏமாந்து போவாயா?

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் செருப்பைப் போட்டுக்கொள். அட்டையையும் ஆஸ்பத்திரி பில்களையும் எடுத்துக்கொண்டு ஏஜென்டிடம் போ. காகிதங்களைக் கொடுக்க அவர்கள் ஒரு கெடு வைத்திருப்பார்கள். மிஷினை யாரும் தொடக் கூடாது. 

இங்கே நலம். மாலையானால் தெருவிளக்குகளைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. பனி அதிகம்போலிருக்கிறது.

உங்கள் அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலமா? பனி குறைந்ததா? இங்கே கோடை ஆரம்பித்தாகிவிட்டது.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. உறையில் விலாசத்தின் மேல் விலாசம் ஏறி உட்கார்ந்திருந்தது. வீட்டு எண்ணும் தெருப் பெயரும் ஒன்றன் மேல் ஒன்று. தபால்காரர் பதிமூன்றைப் பதினெட்டு என்று படித்து அந்த வீட்டுக் கதவுக்கு அடியில் போட்டுவிட்டார். அவர்கள் வெளியூர் போயிருந்தார்கள்.

படித்தோம். மறுபடியும் படித்தோம். பிறகு உங்கள் தம்பி மனைவி, “நான் அன்னிக்கே சொன்னேன்” என்றாள். அவள் என்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லக்கூடிய நிலையில் நான் இல்லை.

உடனே ஏஜென்டிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மூணு மாசத்துக்குள்ள பேப்பர் குடுத்தாப் போதும். இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு, கவலைப்படாதீங்க” என்றார். சொன்னவர் திடீரென்று நிமிர்ந்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் கவலையைப் பார்த்தேன்.

“பில்லெல்லாம் வெச்சிருக்கீங்களா? ஒரிஜினல் வேணும். இவ்வளவு நாள் கழிச்சு வர்றவங்க யார்கிட்டயும் பாதிகூட இருக்காது.”

உங்கள் தம்பி மனைவி பையைத் திறந்தாள். அக்கா, ஒவ்வொரு பில்லும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில். மருந்துச் சீட்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, வக்கீல் கார் நிறுத்திய சீட்டு, பஞ்சு சுற்றி வந்த காகிதம், கேன்டீன் டோக்கன். ஏஜென்ட் ஒன்றை முகர்ந்து பார்த்தார். “பாச்சை உருண்டைங்க” என்றாள் இவள். “இருபது வருஷத்துல இப்படி ஒரு ஃபைல நான் பாத்ததே இல்ல!” என்று எழுந்து நின்றுவிட்டார். சாட்சிக்கு இருக்கட்டும் என்று நான் கல்லையும் எடுத்து மேஜையில் வைத்தேன். “அதை முதல்ல உள்ள வைங்க” என்றார்.

விண்ணப்பத்தில் ‘தாமதத்துக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம். “என்ன எழுதட்டும்?” என்றார். “பத்திரமா வெச்சிருந்தோம்னு எழுதுங்க” என்றேன். “அப்படியெல்லாம் எழுத முடியாதுங்க. அறியாமைன்னு போடவா?” “வேண்டாம், மறதின்னு போடுங்க, மரியாதையா இருக்கும்” என்றாள் உங்கள் தம்பி மனைவி. மறதி என்றே போயிருக்கிறது.

ஆனால் பணம் வர ஐந்தாறு வாரம் ஆகுமாம். பை தைக்கிறவர் இருபத்தைந்தாம் தேதி வண்டியோடு வருவார். அவர் கொடுத்த முன்பணம் செலவாகிவிட்டது. பரவாயில்லை அக்கா, டாக்டரும் மிஷினில் குனிந்து வேலை செய்வது முதுகுக்கு...

இல்லை. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. மிஷின் போனால் எனக்கு வேலை இல்லை. நேற்று அதற்கு எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். விற்கப்போகிறதற்கு எதற்கு எண்ணெய் என்று எனக்கே தெரியவில்லை.

தங்கள் தம்பி


ஏப்ரல் 17

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். ரொம்பவே நலம். அதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

என் கடைசிச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியாக வங்கியில் போட்டு வைத்திருந்தேன். போகிற காலத்தில் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று. நேற்று யோசித்துப் பார்த்தேன். இந்த இரண்டு மாதத்தில் சாவதற்கு எனக்கு நேரம் இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது, ஊறுகாய் போட வேண்டியிருக்கிறது. ஆகவே அந்தப் பணம் சும்மா கிடக்கிறது. இன்று உன் கணக்கில் போட்டுவிட்டேன். பை தைக்கிறவரின் முன்பணத்தைத் திருப்பிக் கொடு. மீதியைக் கடைச் சொந்தக்காரரிடம் கட்டு. இன்சூரன்ஸ் பணம் வந்ததும் எனக்குத் திருப்பி அனுப்பு. வட்டி வேண்டாம். அதற்குள் நான் போய்விட்டால் செலவு உன் தலையில், அவ்வளவுதான். ஆடம்பரம் கூடாது.

வங்கியில் ஒரு கூத்து. கையெழுத்துப் போடும் கோட்டைக் காணோம். அந்தப் பெண் என் விரலைப் பிடித்து வைத்து, “இங்கதான் டீச்சர்” என்றாள். என் பழைய மாணவி. வங்கிக்காரர்கள் கோட்டை இவ்வளவு மெல்லிசாகவா போடுவார்கள்? மை விலை ஏறிவிட்டது போலிருக்கிறது.

மிஷினுக்கு எண்ணெய் விட்டது நல்லது. தொடர்ந்து விடு.

உன் அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. சுகம், இந்த முறை அப்பட்டமான சுகம்.

பை தைக்கிறவர் சொன்ன தேதிக்கு வண்டியோடு வந்தார். முன்பணத்தை நீட்டினேன். “பேச்சு மாறுறீங்களே!” என்று சத்தம் போட்டார். உங்கள் தம்பி மனைவி அவருக்கு டீ கொடுத்து, மருத்துவ இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறதாம். “எங்க வெச்சிருக்கீங்க?” என்றாள். “அதெல்லாம் பத்திரமா பீரோவுல” என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவரை உட்காரவைத்து நீலக் குடையிலிருந்து ஆரம்பித்தாள். போகும்போது அவர் கோபமாக இல்லை, யோசனையாக இருந்தார்.

இன்சூரன்ஸ் பணம் பதினெட்டாம் தேதி வந்தது. முழுதாக அல்ல. தோட்டம் தெரிகிற அறைக்குப் பாதிதான் கொடுத்தார்கள். கையுறைக்கும் பஞ்சுக்கும் கிடையாதாம். கையுறை போடாமலா என் வயிற்றுக்குள் கைவிட்டிருப்பார்கள் என்று ஏஜென்டிடம் கேட்டேன். “கவலைப்படாதீங்க” என்றார். ஆனாலும் பெரும்பகுதி வந்துவிட்டது. உங்கள் கடைசிச் செலவுப் பணத்தை உங்கள் கணக்கில் திருப்பிப் போட்டாகிவிட்டது. இனி உங்கள் வசதிப்படி. அவசரம் ஒன்றும் இல்லை.

சோபாவைத் திருப்பி வாங்கலாம் என்று அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனோம். அதில் காப்பிக் கறை, பேனாக் கறை, ஒரு பூனை. “தர மாட்டோம் அங்கிள், எங்க வீடே இதுலதான் இருக்கு” என்றார்கள். கேட்டதற்கு வெட்கப்பட்டுத் திரும்பி வந்தோம். அவர்களிடமே இருக்கட்டும்.

இப்போது என் முறை. உங்கள் கடிதங்களை எல்லாம் நேற்று எடுத்து வரிசையாக வைத்துப் படித்தோம். நாங்களும் கடிதங்களைப் பத்திரமாக வைக்கிறவர்கள்தானே. பிப்ரவரியில் பல்பு செய்கிறவர்கள் ஏமாற்றினார்கள். மார்ச்சில் என் கையெழுத்து பொடியாகிவிட்டது. பிறகு கோடையில் பனி விழுந்தது. விலாசத்தின் மேல் விலாசம் ஏறியது, அதனால் மிஷின் போயிருக்கும். ஏப்ரலில் வங்கிக்காரர்களுக்கு மை விலை ஏறிவிட்டது. கடைசிக் கடிதத்தில் வரிகளெல்லாம் மாடிப்படி ஏறுகின்றன. எனக்கு ஒரு டாக்டர் கிடைத்ததுபோல் உங்களுக்கு ஊரே கிடைத்திருக்கிறது.

கேள்வி ஒன்று, மதிப்பெண் ஒன்று. பென்ஷனில் மாதாமாதம் மருத்துவக் காப்பீட்டுக்கு என்று பிடிக்கிறார்களே, அந்த அட்டை எங்கே?

தங்கள் தம்பி

பின்குறிப்பு: அண்ணி, வெயிலைப் பற்றி எழுதக் கூடாது. – தம்பி மனைவி


ஜூன் 2

தம்பிக்கு,

நலம்.

விடை: அலமாரியில். பத்திரமாக இருக்கிறது. உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

சிரித்து முடித்தாயா? இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம். வியாழக்கிழமை முதல் கண். வங்கிக்காரப் பெண் கூட வருகிறாள். அட்டையையும் கொண்டுபோகிறேன்.

உன் மனைவியிடம் சொல், பெரிதாக ஏதாவது வரட்டும் என்றுதான் நானும் வைத்திருந்தேன்.

அக்கா


ஜூலை 9

அன்புத் தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்,

ஒரு கண் பிரமாதம், மற்றது அடுத்த மாதம், முழங்கால் பழையபடி. உங்கள் சுகத்தைப் படிக்கக் கண் தயாராக இருக்கிறது. நிறைய எழுதுங்கள், பொடியாகவே எழுதலாம்.

ஆஸ்பத்திரிக் கவுன்டரில் அட்டையை நீட்டினேன். அந்தப் பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, “புத்தம் புதுசா இருக்கே பாட்டி, இப்பத்தான் எடுத்தீங்களா?” என்றான். பதினொரு வருடம் ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. உள்ளே போகும்போது ஒரு கையெழுத்து, வெளியே வரும்போது ஒரு கையெழுத்து. கோடு கொஞ்சம் மெல்லிசுதான், ஆனால் இருக்கிறது.

கட்டைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுச் சுவர் மஞ்சள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், வெள்ளையாம். பல்பு நாற்பதேதான். கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பயந்துவிட்டார். முன்பு சண்டை போட்டபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை.

நீ அனுப்பிய நாற்காலி நேற்று வந்தது. அதே கரும்பச்சை. கைப்பிடி உயரமாக, முழங்கால் மடங்காத கிழவி எழுந்திருக்கத் தோதாக இருக்கிறது. லாரிக்காரர் மேலே பிளாஸ்டிக் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். “உறைய அப்படியே விட்டுடுங்கம்மா, அழுக்காகாது” என்று அறிவுரை வேறு. அவர் கண் முன்னாலேயே கத்தரிக்கோலால் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். இப்போது அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மை கூட ஒரு சொட்டுச் சிந்திவிட்டது.

ஒரே ஒரு குறை. வலது கைப்பிடிக்கு அடியில், பின்பக்கமாக, ஒரு தையல் கோணலாகப் போயிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் என்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது. உன் மிஷினுக்கு எண்ணெய் குறைந்திருக்கிறது, பார்.

சரிசெய்கிறேன் என்று ஊசியோடு கிளம்பி வந்துவிடாதே. அதைத் தைக்க வேண்டுமென்றால் நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருப்பதாக இல்லை.

உன் அக்கா